பையில் இருந்த போல்ட்

லேண்டர், வயோமிங்
செப்டம்பர் 2, திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

அண்ணி வெர்னா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். அரிசோனா வெயிலில் நீ காய்ந்து கருவாடாகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தப் பொட்டலத்தில் கடிதத்தோடு ஒரு பொருளும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் உனக்குப் பகீரென்றிருக்கும். கடைசி வரி வரை படித்து முடிக்காமல் உன் அண்ணனுக்குப் போன் போட்டுவிடாதே. நானே போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போன் சமையலறையில் இருக்கிறது, உன் அண்ணன் மெரிலும் நாள் முழுக்க அங்கேதான் இருக்கிறார். நம் பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது என்பது உனக்குத் தெரியும்.

நீ செய்து அனுப்பிய துப்பாக்கி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஊர்த் துப்பாக்கிக் கடையில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து பெட்டியைத் திறந்தார். அதன் வால்நட் மரக் கட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். கல்யாணத்தன்று என்னைக்கூட இப்படிப் பார்க்கவில்லையே என்றேன். “உன்னைச் செய்யச் சொல்லிட்டு ஒண்ணரை வருஷம் காத்திருந்தேனா என்ன?” என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜை அதற்குத்தான். நாங்கள் இரண்டு பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறோம். அவர் விரல் வீக்கத்துக்காக நீ பெரிதாக, பிடி வழுக்காதபடி சொரசொரப்பாகக் கடைந்து வைத்திருக்கிறாயே அந்தப் போல்ட் குமிழ், அதை வருகிறவர் போகிறவர் எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். என் தம்பி செய்தது, என் தம்பி செய்தது என்று சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை அவருக்கு. பாதிரியாரிடம் ஒரே சந்திப்பில் இரண்டு தடவை அதே கதையைச் சொன்னார். சந்தோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். லாரிச் சாவியை ஐஸ்பெட்டியில் கண்டபோதும் சிரிக்கத்தான் செய்தேன், ராய்ஸ். அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை காற்று அசையவே இல்லை. இன்றைக்குத்தான் நாள் என்று புல் அறுத்த வயலுக்குக் கிளம்பினோம். முதலில் பக்கத்தில் காகிதம் வைத்து, துப்பாக்கி மேல் குறி பார்க்கிற ஸ்கோப்பைச் சரிபார்த்தார். மூன்று குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே ஓட்டையாக விழுந்தன. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஆயிரம் கஜத்துக்கு அப்பால், களிமண் மேட்டடியில் தொங்குகிற இரும்புத் தட்டு. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பழைய துப்பாக்கியையும் எடுத்து வந்திருந்தார். அதற்கு மிச்சமிருந்த சில குண்டுகளையும் சுட்டுத் தீர்த்ததும் தட்டெல்லாம் ஈயக் கறை. புது ரைஃபிளின் குண்டு எங்கே படுகிறதென்று தெரிய வேண்டுமே, நான் போய் வெள்ளை அடித்துவிட்டு வருகிறேன் என்று பைக்கை எடுத்தேன்.

உன் அண்ணனின் சட்டம் உனக்குத் தெரியும். தட்டுக்குப் போகிறவர் பையில், துப்பாக்கியிலிருந்து கழற்றிய போல்ட் இருக்க வேண்டும். போல்ட் இல்லாவிட்டால் குண்டு வெடிக்காது, துப்பாக்கி வெறும் குழாய் என்பார். துப்பாக்கி கிளப்பில் ஆள் தட்டுப் பக்கம் போயிருந்தபோது துப்பாக்கியைத் தொட்டதற்காக ஒரு பெரிய டாக்டரையே வீட்டுக்கு அனுப்பியவர் அவர், சங்கத் தலைவர் வந்து கெஞ்சியும் மசியவில்லை. சனிக்கிழமையும் அவரே எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

“உன் உசிரு உன் பையிலயே இருக்கு. தைரியமாப் போ.”

நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

பைக்கை வழக்கம்போல் மேட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத் தட்டுக்கு வெள்ளை அடித்தேன். காற்று பார்க்கக் கட்டியிருக்கும் நாடாக் கம்பு சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தலாம் என்று கொஞ்சம் விலகிப் போய்ப் புதரோரம் குனிந்தேன். அப்போது தட்டு தானாக மணியடித்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஓர் அடி. ஈயத்தூள் புதரில் சரசரவென்று விழுந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சங்கிலி அறுந்துவிட்டதோ என்று திரும்பினேன். தட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் அந்தப் பக்கத்திலிருந்து வெடிச்சத்தம் வந்து சேர்ந்தது.

கீழே விழுந்தேனா, படுத்தேனா தெரியாது. மூக்கு மண்ணில் இருந்தது. என் பையில் போல்ட் இருக்கிறதே, அவரால் எப்படிச் சுட முடியும் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. கையை விட்டுத் துழாவினேன். வழவழவென்று தேய்ந்த சின்னக் குமிழ். பழைய துப்பாக்கியுடையது, ராய்ஸ். அது கையில் பட்டதும் கத்த நினைத்தேன். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் குரல் எட்டும்? தட்டு இன்னொரு முறை அடித்தது. நான் என் அம்மாவைக் கூப்பிட்டேன். இந்த வயதில்.

தவழ்ந்தே மேட்டைச் சுற்றிப் போய்ப் பைக்கை எடுத்து, வேலியோரமாகவே ஓட்டி வந்தேன். ஸ்கோப்பில் கண்ணை வைத்தவருக்குத் தட்டும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும்தான் தெரியும், நான் அந்த வட்டத்துக்கு ஓரடி வெளியே இருந்திருப்பேன். போல்ட் மாறியது சரி, இரண்டையும் கழற்றி ஒரே துண்டின் மேல் வைத்திருந்தார், யாருக்கும் கை தவறலாம். ஆனால் ஆள் போயிருக்கும்போது துப்பாக்கியை எதற்குத் தொட்டார்? வழியெல்லாம் அவரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். பெண்கள் வாயில் வரக்கூடாத வார்த்தைகள் அதில் பாதி.

அவர் எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாகக் கையாட்டினார்.

“எங்க போயிருந்த வெர்னா? பாக்காம விட்டுட்டியே! ரெண்டும் நட்ட நடுவுல.”

பைக்கை அணைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் விளையாடவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன், அதில் ஒன்றுமே இல்லை. என்னை அனுப்பியது, போல்ட்டைக் கையில் வைத்தது, அந்த வாக்கியத்தைச் சொன்னது, எதுவும் இல்லை. குனிந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன கையெல்லாம் வெள்ளப் பெயின்ட்?”

வேலிக்கு அடித்தேன் என்று சொன்னேன்.

காஸ்பர் நகரில் அவரை டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன், அவரிடம் என் முழங்காலுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். மற்றத் துப்பாக்கிகளெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டன, சாவி என்னிடம். புதியதை மட்டும் என்னால் மேஜையை விட்டு நகர்த்த முடியவில்லை. எல்க் மான் வேட்டைக்கு நீ வருவாய் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். நடந்ததை அவரிடம் சொல்ல என்னால் ஆகாது. தன் கையால் யாருக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவருக்கு இருந்த பெருமை. அதையும் பிடுங்கிவிட்டு அவரோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பேன்?

அதனால் நேற்றே புதுப் போல்ட்டை எடுத்துவிட்டேன். இந்தப் பொட்டலத்தில் இருப்பது அதுதான். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன். இப்போது பார்த்தால் பெரிய பாவம் செய்திருக்கிறேன். காலையிலிருந்து அவர் அதைத் தேடுகிறார். கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டியாயிற்று. மாவு டப்பாவுக்குள் கூடக் கையை விட்டுப் பார்த்தார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, “நான்தான் எங்கயோ வெச்சிட்டேன், வெர்னா. இப்பல்லாம் எனக்கு என்னமோ ஆவுது,” என்றார். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

தம்பி, உன் வேலையில் குறை இல்லை, அந்த இரண்டு குண்டுக்கும் பக்கத்தில் இருந்தவள் நான், என்னைவிட யாருக்குத் தெரியும். ஆனாலும் இது கிடைத்ததும் அவருக்குப் போன் செய். போல்ட்டில் ஏதோ பிசகு இருக்கிறது, நீதான் என்னிடம் சொல்லி அனுப்பச் சொன்னாய் என்று சொல். குழாயிலும் பிசகு என்று சொல்லித் துப்பாக்கியையும் வாங்கிக்கொள். அவசரப்பட்டுச் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்று கேள். அவர் உன்னைத் திட்டுவார், நன்றாகத் திட்டட்டும், வாங்கிக்கொள். வேட்டை நாள் வரும்போது கட்டாயம் வா, வெறுங்கையோடு வா.

எந்தக் காலத்திலும் உன் பெயருக்கு ஒரு குறை வரக்கூடாது என்றுதான் ஆண்டவரிடம் கேட்டு வந்திருக்கிறேன். இந்த ஒரு குறையை மட்டும் உன் அண்ணனுக்காக ஏற்றுக்கொள். கொட்டகைக் கதவு மறுபடியும் திறக்கிற சத்தம் கேட்கிறது. சீக்கிரம் போன் செய், ராய்ஸ்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணி வெர்னா