மாதுறு ஓயாக் காட்டில் நான் ஓடிய நாள்

இன்று காலை செங்கலடிச் சந்தியில் பஸ் நின்றபோது, ஒரு பெண் ஜன்னலருகே பாலைப்பழக் கூடையைத் தூக்கிக் காட்டினாள். வாங்கி ஒன்றை வாயில் போட்டேன். பால் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிசுபிசுப்போடு நீ என் நினைவில் வந்துவிட்டாய்.

மாவட்ட அலுவலகமான கச்சேரியின் காணிப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் நீயும் நானும் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். பழைய வரைபடங்களை விரித்தால், காட்டுக்குள் கிடக்கும் குளங்களின் பெயர்களை நீ வாய்விட்டு வாசிப்பாய். "பென்சன் எடுத்த பொறகு இதையெல்லாம் நடந்து பாக்கணும்கா" என்பாய். பகிடி என்றே நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே ஏறாவூரிலிருந்து ஒரு வான் வண்டியைக் கொண்டுவந்து, குருக்கள்மடத்தில் என் வாசலில் நிறுத்தினாய்.

மாதுறு ஓயா தேசியப் பூங்காவில் ஜீப்புக்கு மாறி, முதலில் பழைய மதகைப் பார்த்தோம். நீ அதன் கற்பலகையில் உள்ளங்கையை வைத்து, "இது எத்தின வயல் வட்டைக்குத் தண்ணி குடுத்திருக்கும்?" என்று கேட்டாய். எனக்கு அன்றைய வெயில்தான் பெரிதாகத் தெரிந்தது.

பிறகு குன்றின் மேலிருக்கும் இடிந்த விகாரைக்கு ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். பூங்கா வழிகாட்டி முன்னால், முழங்கால் வருத்தத்தோடு நீ நடுவில், நான் கடைசியில். ஒரு பாலைமரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கினோம். வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தினார். பற்றைக்குள்ளிருந்து ஒரு தனியன் யானை பாதையில் வந்து நின்றது.

நான் ஓடினேன். உன்னால் ஓட முடியாது என்று தெரிந்தும் ஓடினேன். ஜீப் தெரிந்த பிறகுதான் என் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. நீ மேடு ஏறுவதற்காக அதுவரை பிடித்துவந்த கை அது.

திரும்பி வந்தபோது யானை போயிருந்தது. நீ மரத்தில் சாய்ந்து நின்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"வந்திட்டாயா? வா, மேல போவம்" என்றாய், அவ்வளவுதான்.

விகாரையில் சில தூண்களும் ஒரு படிக்கல்லும்தான் மிச்சம். நீ ஒவ்வொரு தூணாகச் சுற்றி வந்தாய். ஊருக்கு வந்ததும் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொன்னாய்: "நாங்க ரெண்டு பேரும் அசையாம நிண்டம்." நான் வாய் திறக்கவில்லை.

உனக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டபோதும் நான் ஓடத்தான் செய்தேன். மூன்று கிழமை உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. தடிமன் காய்ச்சல் என்றேன், விருந்தாட்கள் என்றேன். கடைசியில் ஒரு பின்னேரம் வந்து உன் கட்டிலருகே நின்றேன். நீ மெலிந்து போயிருந்தாய்.

"இந்த முறை கொஞ்சம் தூரமா ஓடிட்டாய் போல" என்று சிரித்தாய்.

நான் அழுதேன். "ஏன் ஆக்களிட்ட அப்பிடிச் சொன்னாய்? நான் நிக்கல்லியே."

"ஓடினவங்க எல்லாரும் திரும்பி வாறல்லகா. நீ வந்தாய்தானே. மறுகா என்ன?"

அதன் பிறகு ஒரு நாளும் தவறாமல் வந்தேன். கஞ்சி பருக்கினேன், காலைப் பிடித்துவிட்டேன். கடைசி நாளும் உன் பக்கத்தில்தான் இருந்தேன்.

உன் மௌத்து வீட்டில் பெண்கள் அந்த யானைக் கதையை எடுத்தார்கள். "நீங்களும் அசையாம நிண்டீங்களாமே" என்று உன் தங்கை என்னிடம் கேட்டாள்.

"இல்ல. நான் ஓடிட்டன். அவதான் நிண்டவ" என்றேன்.

உன் தங்கை எழும்பி வந்து என்னை ஒட்டி இருந்துகொண்டாள்.

இப்போதும் நான் பயந்தவள்தான். கெட்ட சேதி வந்தால் கால் முதலில் வாசலைத்தான் தேடுகிறது. ஆனால் வேலிப் படலைவரை போனதும் நின்றுவிடுகிறேன். சற்று மூச்சு வாங்கிவிட்டு, திரும்பி உள்ளே போகிறேன்.