மருந்தில்லாமல் வந்த சுகம்

1953 ஜூன் 14, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. றூபிக்கு இருமல். அவர் மட்டும் சபைக்குப் போனார். போகுமுன் பிள்ளையின் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இருமல் வருவதுதான். ஆனாலும் அவள் மார்பில் காது வைத்துக் கேட்டேன். மூத்தவன் போனபிறகு எனக்கு இது வழக்கமாகிவிட்டது.

ஜூன் 17

காய்ச்சல். மூச்சு விடும்போது மூக்கு விரிகிறது. நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு. கடிகாரம் வைத்து மூன்று தரம் எண்ணினேன்.

டாக்டரிடம் போவோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். "மூத்தவன ஆஸ்பத்திரியில பதினோரு நாள் வச்சிருந்தோம் கமலா. ஊசி மேல ஊசி. கடைசியில, தூங்குகான்னு கண்டக்டர்ட்ட பொய் சொல்லி, அவன மடியில வச்சு பஸ்ஸில கொண்டு வந்தது நானாக்கும்."

அந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வேறு ஆள். மூன்று தலைமுறையாகப் போன சர்ச்சிலிருந்து விலகினார். ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்து பெந்தேகோஸ்து சபையில் சேர்ந்தார். வீட்டிலிருந்த மருந்துக் குப்பிகளையெல்லாம் தென்னை மூட்டில் கவிழ்த்தார்.

ஜூன் 18

பாஸ்டர் வந்தார். இரண்டு மணி நேரம் முழங்காலில். அவரைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணீர் பாயில் சொட்டியது. எழுந்தபிறகு சொன்னார்: "சகோதரி, பிள்ளைக்குச் சொகம் கிடைச்சா நீங்களும் முழுக்கு எடுக்கணும். சின்னதில நெத்தியில தெளிச்சது ஞானஸ்நானம் இல்ல."

சரி என்றேன். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றிருப்பேன்.

ஜூன் 19

சந்தைக்கு என்று சொல்லிவிட்டு மார்த்தாண்டத்தில் சிவதாணு டாக்டரிடம் போனேன். பிள்ளையைப் பார்க்காமல் மருந்து இல்லை என்றார். கொண்டுவர முடியாது என்றேன்.

"பெந்தேகோஸ்தா?"

தலையாட்டினேன். மூச்சு எண்ணிக்கையைச் சொன்னேன்.

"எண்ணத் தெரியுதே. எதுவரை படிச்ச?"

"பி.ஏ."

"பி.ஏ. படிச்சிட்டு, பெத்த பிள்ளைக்கு மருந்த களவாக் குடுக்கணுமா மக்களே?"

சல்பா மாத்திரை பதினாறு. நாலு மணிக்கொரு தரம் பாதி, நிறையத் தண்ணீர். அரிசிப் பானைக்குள் புதைத்திருக்கிறேன். பொடித்துத் தேனில் குழைத்து, அவர் கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து, நாக்கில் தடவுகிறேன்.

ஜூன் 20

அவர் உபவாசம். நான் மாத்திரை. யார் யாருக்குத் துரோகம்?

ஜூன் 22

காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள்!

அவர் தரையில் விழுந்து அழுதார். மூத்தவனைப் புதைத்த அன்று அழாத மனிதர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல? ஜெபமும் மாத்திரையும் சேர்ந்துதான் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஜூலை 5, ஞாயிறு

குழித்துறை ஆற்றில் எனக்கு முழுக்கு. சபையில் நகை ஆகாது. காலையிலேயே கம்மலையும் வளையலையும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். அப்பா வரவில்லை. சர்ச்சில் நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். "நான் மடியில வச்சு உனக்கு வாங்கித் தந்த ஸ்நானம் பொய்யா?" என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார்.

கலங்கல் தண்ணீர். இடுப்பளவு. பாவங்களை அறிக்கையிட்டாயா என்று பாஸ்டர் கேட்டார். ஆம் என்றேன். தலை முங்கிய அந்த நொடியில் நினைவில் இருந்தது அரிசிப் பானைதான்.

ஈரச் சேலையோடு கரையில் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "மருந்தில்லாமல் கர்த்தர் என் பிள்ளைக்குச் சுகம் தந்தார்." ஒரே வாக்கியம். அல்லேலூயாவில் ஆறு அதிர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து றூபியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பனையேறியின் மனைவி. ஓமனா என்று பெயர் சொன்னாள்.

ஜூலை 26, ஞாயிறு

ஓமனா விடாமல் சபைக்கு வருகிறாள், நாலு வயது ராஜனோடு. வைகுண்டராஜன். அவள் வீட்டார் அய்யாவழி மார்க்கம். வீட்டில் அடிக்க மாட்டார்களா என்று கேட்டேன். "அடி எனக்குப் புதுசாக்கா? முன்ன சும்மா விழும். இப்ப காரணத்தோட விழுது" என்று சிரித்தாள். ராஜன் றூபிக்கு ஒரு நுங்கு வண்டி கொண்டுவந்திருந்தான். அதை அவளுக்குக் கொடுக்க மனமில்லாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தான்.

ஆகஸ்ட் 20

மத்தியானம் ஓமனா ராஜனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அதே மூச்சு. அதே மூக்கு.

"அக்கா, உள்ளதச் சொல்லுங்க. டாக்டர்ட்ட கொண்டு போணும்னு இவனுக்க அப்பன் சாடுகான். நாந்தான் விடல்ல. நீங்க பிள்ளைக்கு ஒண்ணுமே குடுக்கல்லியா? ஒரு கசாயங்கூட?"

அவர் என் பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணும் குடுக்கல்ல. ஜெபம் மட்டுந்தான்."

என் வாய்தான் சொன்னது. நாளைக் காலையில் அவள் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 21

றூபிக்கு வயிற்றுப்போக்கு. மழையும். போகவில்லை.

ஆகஸ்ட் 22

போனேன். பாதி வழியிலேயே சொன்னார்கள்.

ஆகஸ்ட் 23

புதைத்துவிட்டார்கள். ஓமனா என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடமே சொல்கிறாள்: "அக்காவுக்கு உள்ள விசுவாசம் எனக்கு இல்லாமப் போச்சே. இடையில ஒரு தடவ டாக்டர் வீட்டு நெனப்பு வந்துதுக்கா. அந்த ஒரு நெனப்புதான் எனக்க பிள்ளையக் கொன்னுட்டு."

ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்! பிள்ளையையும் எடுத்து, பழியையும் அவ தலையிலயே போட்டு — ஒரு நாள் மழைக்கா நான் பயந்தேன்? மழைக்கா?

ஆகஸ்ட் 30, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், மாத்திரை, பானை. பாஸ்டர், "துக்கம் சகோதரிய இப்படிப் பேச வைக்குது" என்றார். றூபியின் அப்பா எழுந்து என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "எனக்க வீட்டில மருந்து கிடையாது. இவ சொல்லுகது பொய்." உடனே பாட்டை எடுத்துவிட்டார்கள்.

நான் வெளியே இறங்கினேன். ஓமனா பின்னால் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

"கசக்குமாக்கா?"

"என்னது?"

"அந்த மாத்திர."

"கசக்கும்."

"அவன் கசப்பு எறக்க மாட்டான். துப்பிருவான்."

"தேனில குழச்சுக் குடுத்தேன்."

"தேனில எறக்கியிருப்பான்" என்றாள். போய்விட்டாள்.

செப்டம்பர் 13

என்னைச் சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அப்பாவின் சர்ச்சுக்குத் திரும்பவும் கால் வரவில்லை.

1954 ஜூன் 7

பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார்.

1955 நவம்பர் 3

ஓமனாவைச் சந்தையில் பார்த்தேன். வயிறு தெரிகிறது. என்னைக் கண்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

1956 பிப்ரவரி 12, ஞாயிறு

சபையின் மாதப் பத்திரிகையை அவர் மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். றூபி இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "றூ... பி. அம்மா, இதில எனக்க பேரு கிடக்கு!"

வாங்கிப் பார்த்தேன். மரணப் படுக்கையிலிருந்து மருந்தில்லாமல் எழுந்த பிள்ளை. ஆறு, ஞானஸ்நானம், என் வாக்கியம். எல்லாம் அச்சில்.

"நான் சாகக் கிடந்தேனாம்மா?"

"ஆமா."

"யாரு என்னப் பிழைக்க வச்சா?"

மடியில் உட்காரவைத்துச் சொன்னேன். அப்பா பட்டினி கிடந்ததையும் சொன்னேன். ராஜன் என்ற பெயர் வந்த இடத்தில் நிறுத்திப் பத்திரிகையை மடித்தேன். அவர் ஈரக் கையோடு நடையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. தடுப்பார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பயலப் பத்தியும் சொல்லு" என்றார்.

சொன்னேன்.