ஏழாம் எண் கண்

நெய்வேலிக்கு வரும் வழியில் வடலூரில் பேருந்து நின்றதும் ஒரு அம்மா பலாச்சுளைப் பொட்டலத்தோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வாசனை வந்ததுமே எனக்கு உன்மேல் கோபம் வந்துவிட்டது. சாப்பிடும் பொருள் எதுவும் கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், சென்னையில் எங்கள் ஆய்வகத்து இருட்டறைக்குள் பண்ருட்டிப் பலாச்சுளையைக் கடத்திக்கொண்டு வந்தவள் நீ. இரண்டு நாள் வாசனை போகவில்லை. “கண்ணத்தானே பாக்கப் போற, மூக்குக்கு இன்னாடி வந்துச்சு?” என்றாய்.

நெய்வேலிப் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. என் அப்பா பர்மனென்ட், எங்களுக்கு குவார்ட்டர்ஸ். உன் வீடு நகரியத்துக்கு வெளியே. படிப்பு முடிந்து நீ சுரங்கத்தில் காண்ட்ராக்டில் சேர்ந்தாய். கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும், இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். போர்வெல்லுக்குள் நாடாவை இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று எழுதுவது உன் வேலை. “உங்களுக்கு நம்பர் வூட்டு செவுத்துல எழுதியிருக்கு. எங்களுக்குக் கழுத்துல தொங்குது” என்று பாஸை ஆட்டிக் காட்டிச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது, கூச்சமாக இருக்கும்.

கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தக் குழாய்களோடு நிணநீர்க் குழாய்களும் உண்டு. தேங்கும் நீரை வடித்துக்கொண்டு போகிறவை அவை. உள்ளே ஓடுவது தெளிந்த நீர் என்பதால் பார்வைக்கு அகப்படாது. சாயம் ஏற்றித்தான் பார்ப்பார்கள். சாயமே இல்லாமல், ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. சதையில் பட்ட ஒளி திரும்பும். தெளிந்த நீரிலிருந்து அநேகமாகத் திரும்பாது. அதனால் குழாய் இருக்கும் இடம் படத்தில் கறுப்பாக விழும்.

ஒருமுறை கண் பரிசோதனையில் சாயம் ஏற்றி உடம்பெல்லாம் தடித்துப்போனவள் நீ. “ஊசி கெடையாதா? அப்ப என் கண்ண எடுத்துக்கோ” என்று வந்தாய். படிவத்தில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். உனக்கு ஏழு வந்தது. “இங்கயும் நம்பர்தானா? போவட்டும், ஏழைக்கு ஏத்த நம்பர்தான்” என்றாய்.

பத்துப் பேரில் உன் படம் மட்டும் தனி. தடித்த கறுப்பு இழைகள், கிளை பிரிந்து, இடையிடையே மணி கோத்தது போல முடிச்சுகள். தேடிய குழாய்கள் கிடைத்துவிட்டன என்று நான் குதித்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “கறுப்பா இருந்தா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்மா. மெஷின் கோளாறு” என்றார்.

அன்று மாலை போனில் அழுதேன். நீ ஆறுதல் சொல்லவில்லை, திட்டினாய். “அழுதுகினு இருக்காதடி. தண்ணி மட்டம் ஒரு நாள் ஏடாகூடமா வந்தா நாடா மேல சந்தேகப்படுவேன். மூணு வாட்டியும் அதே வந்தா, நம்ப மாட்டேங்கிற ஆள் மேலதான் சந்தேகப்படுவேன். அடுத்த வாரம் வரேன், எடு.”

ஷிப்ட் மாற்றிக்கொண்டு இன்னும் இரண்டு முறை வந்தாய். தாடையை வைத்து, சிமிட்டாமல், கண்ணில் நீர் கோத்துக்கொள்ள உட்கார்ந்திருந்தாய். மூன்று படத்திலும் அதே இழை, அதே இடத்தில் அதே முடிச்சு. கோளாறுக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது.

அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னை மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

இன்று பேருந்து வடலூரைத் தாண்டியதும் பேராசிரியர் போன் செய்தார். திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. “மத்த ஒன்பது பேரோட ஒத்துப்போகலைம்மா. மறுபடி எடுத்துப் பாக்கலாம்னா ஆளும் இல்லை. அந்த ஏழை எடுத்துடு. சுலபமா முடிஞ்சிடும்.”

ஏழை எடுத்துடு. அவர் எண்ணைத்தான் சொன்னார், கெட்ட மனிதர் இல்லை. நீ கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. சின்ன வயதில் எங்கள் பிளாக்கில் “யார் வீட்டுப் பொண்ணு நீ, இங்க என்ன வேலை?” என்று யாராவது உன்னை நிறுத்திக் கேட்டபோதெல்லாம், பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். அந்த வாய் எனக்கு இன்றைக்குத்தான் திறந்தது.

“சார், மூணு படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா வெச்சுக் காட்டுறேன். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். பட்டம் இல்லைன்னாலும் சரி. ஏழை எடுக்க மாட்டேன்.”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. பக்கத்து அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, “யாரையும் எடுக்காத கண்ணு, மொதல்ல இத்தத் துன்னு” என்று ஒரு சுளையை என் கையில் வைத்தார்.

ஆய்வேட்டை மடியில் விரித்து, உன் கண் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன். தாளில் பலாப் பிசுக்கு ஒட்டிவிட்டது. துடைக்கவில்லை. திங்கட்கிழமை இந்தப் பிரதியைத்தான் கொண்டுபோகப் போகிறேன்.