சுவருக்குள்ளே இருந்த பூசணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் முழங்கால் வலி குறைஞ்சுதா? நான் நல்லாத்தான் இருக்கேன், வேளைக்குச் சாப்பிடுறேன்.

உன் மருமகன் இருமி இருமியே போய்ச் சேர்ந்தாரே, அந்த ரூமில் பூசணம் இருக்கான்னு பார்க்க, அதுக்குன்னே படிச்ச ஆளைக் கூப்பிட்டேன். வீட்டு ஓனர், "எல்லாம் உன் சமையல் ஆவிதாம்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். கேட்டுக்கிட்டுச் சும்மா இருப்பேனா?

ஆள் வருதேன்னு சுவரையெல்லாம் பளபளன்னு துடைச்சு வச்சேன். வந்தவர் தலையில கை வச்சுக்கிட்டார். "அக்கா, நான் பார்க்க வந்ததையே துடைச்சுட்டீங்களே!" எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் ஈரம் பார்க்கிற மிஷினை வச்சு, இங்கே சுவரெல்லாம் பலகைதானே, உன் மருமகன் தலை வச்சுப் படுத்த பக்கம் அதை அறுத்தார். உள்ளே குழாய் கசிஞ்சு கன்னங்கரேல்னு கிடந்தது. "இது பல வருஷத்துப் பூசணம். உங்க சமையல் மேல தப்பே இல்லைக்கா"ன்னார்.

ஓட்டையை அடைக்க ஓனர் ஆள் அனுப்பினார். நான் கதவைத் திறக்கலை. குழாயையும் சுவரையும் மாத்த வரட்டும், திறக்கிறேன். அதுவரைக்கும் என்னைப் பார்க்க வர்றவங்க எல்லாம் அந்த ஓட்டையைப் பார்க்கட்டும். நான் ஹாலில்தான் படுக்கிறேன், பயப்படாதே. ஊருக்கு வந்துடுன்னும் சொல்லாதே.

அவர் சட்டை ஏதாவது அங்கே கிடந்தா அனுப்பும்மா, துவைக்காதே. இங்கே இருக்கிறதெல்லாம் பூசண நாத்தம்தான் அடிக்குது.

பஸ் வந்துடும், ஓடுறேன்.

உன் மகள்