கழற்றிவிட்ட கொக்கி

ஜனவரி 28, 2025, செவ்வாய்

இன்றும் காலையிலிருந்து முத்தியால்பேட்டையில், மெக்கானிக் அம்மாவாசையின் ஒர்க்ஷாப்பில்தான். அம்பாசிடரின் துருப்பிடித்த முன்பக்கத்தை மொத்தமாகக் கழற்றியாயிற்று. புது மட்கார்டு இரண்டும், கிரில் பேனலும், பானெட்டும் சென்னையிலிருந்து வந்து இறங்கிவிட்டன. ரிட்டயரான கையோடு இந்த 72ஆம் வருஷத்து வண்டியை வாங்கிவந்தபோது என் மனைவி ஹேமலதா கேட்டாள்: "பழைய இரும்புக் கடைக்குப் போறத வழியில மறிச்சு வாங்கினீங்களா?" இருக்கட்டும். வண்டி தயாரானதும் முன்சீட்டில் அவள்தானே உட்காரப் போகிறாள்.

"எந்த போல்ட்டையும் இப்ப முறுக்காதீங்க சார். கதவப் பாத்து மட்கார்டு உக்காரணும், மட்கார்டப் பாத்து பானெட்டு உக்காரணும். எல்லாம் உக்காந்தப்புறந்தான் முறுக்கறது" என்றார் அம்மாவாசை. முப்பத்தாறு வருஷம் மின்துறையில் குப்பை கொட்டியவனுக்கு போல்ட் பாடம்! ஆனாலும் அவர் கை போகிற நிதானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். பானெட்டின் முன்விளிம்பு மட்டும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், தூக்கி நிற்கிறது. எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் படுகிறது.

அம்மாவாசைக்கு ஃபோன் போட்டேன். "தெரியும் சார். பூட்டுக்குப் பக்கத்துல ஒரு கொக்கி இருக்குதுல்ல, அது புது பேனல்ல தட்டுது. பூட்டு உட்டாக்கூட பானெட்டு பறக்காம பிடிக்கறது அதான். வேற பேனல் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்துக்கு, மச்சினி வீட்டுக்கு, இந்த வண்டியில் வருவதாகச் சொல்லியிருக்கிறேனே.

பிப்ரவரி 8, சனி

கொக்கியைக் கழற்றிவிட்டேன். இரண்டே போல்ட். ஹேமாதான் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "இது எதுக்கு?" என்றாள். "சும்மா, பூட்டுக்கு மேல ஒரு பூட்டு" என்றேன். பூட்டின் கம்பியையும் நாலு சுற்று உள்ளே இறக்கினேன். மூடினால் பானெட் படிந்து உட்கார்ந்தது. விரலை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுத வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்று, மரக்காணம் போகிற வழியில், கனகசெட்டிக்குளம் தாண்டப் போகிறோம். அறுபது வேகத்தில்தான் போனேன். முன்னால் ஒரு நடுக்கம், அவ்வளவுதான் தெரிந்தது. அடுத்த நொடி பூட்டு விட்டு, பானெட் எழும்பி கண்ணாடியில் அடித்தது. ரோடு இல்லை, வானம் இல்லை, கண்ணுக்கு முன்னால் வெறும் தகடு. ஹேமா கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. அதுதான் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இறங்கினால் ரோடு ஓரமெல்லாம் மீன். நடுவில் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தவள். பேர் சின்னப்பொண்ணு. முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்தது, திரும்பக்கூடாத பக்கம். என்னைப் பார்த்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கேருந்து வந்த நீ?"

போலீஸ்காரர் வந்து என்ன ஆச்சு என்றார். "இப்பதான் ஒர்க்ஷாப்லேருந்து வந்த வண்டி சார். பானெட்ட சரியா மாட்டல போல" என்று ஒரு குரல் சொல்லிற்று. என் குரல்தான். யாரும் மெக்கானிக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். எப்படி வந்தது அது என் வாயில்?

பிப்ரவரி 12, புதன்

அம்மாவாசையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போயிருந்தேன். வாசலில் நிற்கிற வண்டியின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். கொக்கி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், இவர்தான் கழற்றியிருப்பார் என்று சொல்லிவிடுவார் —

இல்லை. முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார். "இந்த ரெண்டு போல்ட்ட கடைசியா முறுக்கினேனா சார்? லூசா உட்டு வச்சிருந்தேன். ஓட்டத்துல கழண்டு விழுந்துடுச்சோ? நீங்க கூடவே இருந்தீங்களே, முறுக்கினேன்ல?"

என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை அந்த மனுஷனுக்கு. அவர்மேலேயே சந்தேகம்.

"கவனிக்கல" என்றேன்.

ஒர்க்ஷாப்பில் அன்றைக்கு முறுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

முத்தியால்பேட்டை வழியாகப் போனேன். வேலைநாளில் ஒர்க்ஷாப் ஷட்டர் இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் காபியை வைத்துவிட்டு ஹேமா போகவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு பானெட்ட தூக்கிப் பிடிச்சது நான்தானே."

என்னால் நிமிர முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில அந்தம்மா காலப் பாத்ததுலேருந்து, இப்ப சொல்வீங்க, இப்ப சொல்வீங்கன்னு இருக்கேன். அஞ்சு நாளாச்சு. பாவம், அந்த மெக்கானிக் என்னங்க பண்ணாரு? சாயந்தரத்துக்குள்ள நீங்க சொல்லலன்னா நான் போயி சொல்லிடுவேன்."

முப்பத்தோரு வருஷத்தில் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. இவளுக்குத் தெரியும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லையே. ஐந்து நாளாக என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஒர்க்ஷாப்புக்குப் பின்னாலேயே அம்மாவாசையின் வீடு. நின்றபடியே சொல்லிவிட்டேன். கொக்கியையும் நீட்டினேன். வாங்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"கண்ண மூடினா போல்ட்டுதான் சார் தெரியுது. இனிமே கையில ஸ்பேனர் எடுக்கமாட்டேன்னு வீட்ல சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். பிறகு, "எங்கிட்ட வந்து சொல்றீங்க? ஸ்டேஷன்ல போயி சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 15, சனி

ஸ்டேஷனில் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். கொக்கியை ஒப்படைத்தேன். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி.

நான் சொன்னதையெல்லாம் சின்னப்பொண்ணு படுத்தபடியே கேட்டாள். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அவள் மகள் சங்கவி பக்கத்தில் இருந்தாள்.

"எதுக்குக் கழட்டின?"

"முன்னாடி கொஞ்சம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. பாக்க நல்லா இல்ல."

"பாக்க நல்லா இல்லன்னா?" அவளுக்குப் புரியவில்லை. திரும்பவும் கேட்டாள். நான் திரும்பவும் சொன்னேன். சங்கவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் முறை சொல்லும்போது எனக்கே அது புரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

அம்மாவாசை ஷட்டரைத் திறந்துவிட்டாராம். ஹேமா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றதும் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சங்கவி வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் நான் பஸ்ஸில் கனகசெட்டிக்குளம் போய், சின்னப்பொண்ணுவை ஆட்டோவில் ஏற்றிக் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். முதல் வாரம் சங்கவி கதவையே திறக்கவில்லை. சின்னப்பொண்ணுதான் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்: "உடுடி. இடிச்சவன் வந்து தூக்கட்டும்." வழியெல்லாம் திட்டுகிறாள். கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போக ஆரம்பித்துவிட்டன. நான் போனபோது சின்னப்பொண்ணு வாசலில் நின்றிருந்தாள். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. எதையும் பிடிக்காமல் தெருக்குழாய் வரை நடந்து குடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கால் கொஞ்சம் இழுக்கிறது. இனி அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"என்ன, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கற?"

கைத்தடியை எடுத்து நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

"இனிமே வராத. நான் வீட்ல இருக்கமாட்டேன். நாளைலேருந்து மீன் ஏலத்துக்குப் போறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சரி என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் தெரிந்தது.