ஏழாவது லினக்ஸ்

9 அக்டோபர் 2006, திங்கள்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை பழுப்பாக இருந்தது. சனிக்கிழமை மூடும்போது நீலம். நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. நான் சர்ச்சுக்குப் போய்விட்டு வருவதற்குள் மாற்றிவிட்டான்.

ஜூனிலிருந்து இது ஐந்தாவது. அப்பா அம்மா எனக்கென்று விட்டுப்போனது இந்த வீடும் இந்தத் தம்பியும்தான். வீட்டுக்காவது ஓடு மாற்றினால் அடங்குகிறது.

வாசலில் போர்டு என் பெயரில்தான் தொங்குகிறது. பியூலா ஜாப் டைப்பிங், தமிழ் - ஆங்கிலம், மேற்குத் தாம்பரம். குணா பி.எஸ்ஸி. முடித்து மூன்று வருடமாக வேலை தேடுகிறான். தேடுகிறான் என்று நான்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் ஸ்டேஷன் பக்கம் இரண்டு கடைகளில் கள்ள சாஃப்ட்வேர் என்று கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களுடையதும் கள்ள விண்டோஸ்தான். பயந்துபோனேன். "லினக்ஸ் போட்டுக்கலாம்கா. ஃப்ரீ. எவனும் வந்து கேக்க முடியாது" என்றான். சரி என்றேன். லினக்ஸ் என்றால் ஒன்றுதான் என்று நினைத்த முட்டாள் நான். உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மாண்ட்ரிவா, சூசே - அடேயப்பா! புடவைக் கடையில் விரித்துப் போட்ட மாதிரி ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே இருக்கிறான். ஒன்றை எடுத்தோம், பில் போட்டோம், வீட்டுக்கு வந்தோம் என்பது கிடையாது.

எனக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டாம். நீலம், பழுப்பு. போதும்.

10 அக்டோபர்

ஏன் இப்படிக் கோபப்படுகிறேன் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொள்ள எழுதுகிறேன்.

தமிழ் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. கண் காகிதத்தில் இருக்கும், விரல் தானாகப் போகும். பழைய விண்டோஸிலும் அதே டைப்ரைட்டர் கீபோர்டுதான். இந்த லினக்ஸ்களில் தமிழ் வராமல் இல்லை, வருகிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அடுத்தவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ய அடித்தால் வேறொன்று வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவை மாற்றியதும் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இப்ப அடிச்சுப் பாருக்கா" என்பான். அடிப்பேன். குப்பையாக வரும். "எல்லாம் மாறிக் கெடக்குடா!" என்று கத்துவேன். போய்விடுவான். கொஞ்ச நாளில் அடுத்தது.

ஆகஸ்டில் அபிதகுஜாம்பாள் மேடம் வந்தார். காலேஜில் தமிழ் லெக்சரர். செங்கல்பட்டு வட்டார விடுகதைகள் பற்றி பி.எச்.டி. ஆய்வேடு, கைப்பிரதி முந்நூற்றிருபது பக்கம். டிசம்பர் 15 சமர்ப்பிக்கக் கடைசி நாள். "கம்ப்யூட்டர்ல தமிழ் வருமா பியூலா?" என்று கேட்டார். "வராம?" என்றேன். அந்த வாயை இப்போது அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதுவரை நாற்பது பக்கம். கோழி கொத்துகிற மாதிரி, கீயைப் பார்த்துப் பார்த்து.

16 அக்டோபர்

ஆறாவது. பச்சைத் திரை. ஒரு பல்லி வாலைச் சுருட்டிக்கொண்டு சிரிக்கிறது.

17 அக்டோபர்

"பழைய விண்டோஸையே போட்டுத் தொலைடா" என்றேன். "மாட்டினா கம்ப்யூட்டரே போயிடும். போடட்டுமா?" என்றான்.

சாயங்காலம் வேலைக்கு நடுவில் வந்து, "அக்கா, உன் டைப்ரைட்டர்ல ய எந்தக் கீல இருக்கும்?" என்கிறான். எனக்கென்ன தெரியும்? அடித்தால் தெரியும், கேட்டால் எப்படித் தெரியும்? "வேலை நேரத்துல வினாடி வினா நடத்துறியா? போடா அந்தப் பக்கம்" என்று விரட்டினேன்.

பல்லியில் எந்த எழுத்து எங்கே என்று ஒரு தாளில் எழுதி எதிரில் ஒட்டியிருக்கிறேன். இனி இதையாவது பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

21 அக்டோபர், தீபாவளி

அபிதகுஜாம்பாள் மேடம் மைசூர்பாகு எடுத்துக்கொண்டு வந்தார். தெருவில் ஒரே வெடிச் சத்தம். அதற்கு நடுவில் மெதுவாக ஆரம்பித்தார். "நான் அவசரப்படுத்தலை பியூலா. ரெண்டு மாசத்துல அம்பது பக்கம்னா மீதி எப்போ? மாசக் கடைசிக்குள்ள நூறாவது வரணும். இல்லைன்னா வேற எடத்துல குடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்லை. தப்பா எடுத்துக்காதீங்கோ."

என்ன தப்பாக எடுத்துக்கொள்வது? சரியாகத்தானே சொல்கிறார். பதினாறு வருடத்தில் என்னிடம் கொடுத்த வேலையை யாரும் திரும்ப வாங்கிக்கொண்டு போனதில்லை.

28 அக்டோபர்

பல்லி கொஞ்சம் பழகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்பது பக்கம். எழுபத்தெட்டு முடிந்தது. சொல்லக்கூடாது, தேறிவிடுவேன் போலிருக்கிறது.

30 அக்டோபர், திங்கள்

ஏழாவது!

பேங்க்குக்குப் போய்விட்டு வந்தால் திரை சாம்பல் நிறம். "ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்குக்கா. இதுல இருக்குன்னு சொன்னாங்க, அடிச்சுப் பாரேன்" என்கிறான். எது இருக்கிறது? ஒரு மண்ணும் இல்லை. இரண்டு வாரம் தடவித் தடவிப் பழகியதெல்லாம் மறுபடி இடம் மாறிக் கிடக்கிறது. அந்தப் பல்லியையே திரும்பப் போடு என்றால், அந்த சிடியை யாரிடமோ கொடுத்துவிட்டானாம், நாளைக்குத்தான் வருமாம்.

31 அக்டோபர்

மேடம் வந்தார். எண்பத்திரண்டு பக்கம். என் முகத்தைப் பார்க்காமல் மிச்சக் கட்டை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷன் எதிரில் இருக்கிற டி.டி.பி. சென்டருக்குப் போகிறதாம். வாசல் வரை போய் வழியனுப்பினேன். என்ன மானங்கெட்ட பிழைப்பு.

உள்ளே வந்து அவன் சிடி அடுக்கை அப்படியே வாரித் தெருவில் வீசினேன். என்னென்ன சொன்னேன்? "வேலைக்கும் துப்பில்ல, ஒண்ணை எடுத்து வச்சிக்கவும் துப்பில்ல. உனக்குச் சோறு போட்டது இந்த விரலுடா. அதையே ஒடிச்சிட்டியேடா பாவி. போ வெளிய, மூஞ்சில முழிக்காத" - சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போகட்டும்.

1 நவம்பர்

மீன்காரக் குப்பம்மா வாசலில் கூடையை இறக்கிவிட்டு சிடியெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னா டீச்சரு, தட்டு தட்டா கெடக்குது, வோணாமா? பளபளன்னு கீது. கருவாடு காயற எடத்துல கட்டி வுட்டா காக்கா அண்டாது" என்றாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்றேன். இந்த ஐந்து மாதத்தில் லினக்ஸால் ஒருத்தருக்கு உருப்படியான லாபம் என்றால் அது குப்பம்மாவுக்குத்தான்.

4 நவம்பர்

போன் இல்லை. செத்தா போய்ட்டான், இருப்பான் எங்கயாவது.

7 நவம்பர்

மழை. குடை எடுத்துக்கொண்டு போயிருக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. ஆணியில் தொங்குகிறது.

11 நவம்பர், சனி

மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை குணா ஓடுகிற அந்த லினக்ஸ் கூட்டம் குரோம்பேட்டையில், ஒரு டியூஷன் சென்டர் மாடியில். கிளம்பிப் போனேன். அவனைத் தேடியா? சண்டை போடத்தான். சரி, இரண்டுக்கும்தான்.

பதினொரு ஆம்பளைகள். எது உசத்தி என்று ஒருத்தர் மேல் ஒருத்தர் பாய்ந்துகொண்டிருந்தார்கள். குணா இல்லை. அவனைத் தேடி வந்ததைக் காட்டிக்கொள்ளாமல், ஆய்வேட்டில் ஒரு பக்கம் என்னிடம் ஜெராக்ஸ் தங்கியிருந்ததே, அதை மேஜை மேல் வைத்தேன். "இத்தனை வச்சிருக்கீங்களே, டைப்ரைட்டிங் படிச்ச கையால இந்தப் பக்கத்தைப் பத்து நிமிஷத்துல அடிக்கணும். எதுல அடிக்கலாம்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"இதுல வரும் மேடம்", "அதெல்லாம் வராது, இதுல பாருங்க" என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். ஐந்து மிஷினில் உட்கார்ந்து அடித்தேன். ஐந்திலும் குப்பை. அவர்கள் எல்லோரும் இங்கிலீஷ் எழுத்தை வைத்துத் தமிழ் அடிக்கிறவர்கள்.

நடு நாற்காலியில் ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு பேங்க் ஆபீசர். "டைப்ரைட்டர் முறையெல்லாம் பழசு மேடம். புதுசா ஒரு முறை இருக்கு, ரொம்ப சயின்டிஃபிக். கத்துக்கோங்கோ, ஒரு வாரம் போதும்" என்றார்.

"நீங்க இடது கையால சாப்பிடக் கத்துக்கோங்க சார். அதுக்கும் ஒரு வாரம் போதும்" என்றேன்.

யாரோ சிரித்துவிட்டார்கள். மூலையிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். "அக்கா... நீங்க டைப்ரைட்டர் அக்காவா? குணாவோட அக்கா?" ஜலால் என்று பெயர். குணா இவனுடைய கேளம்பாக்கம் ரூமில்தான் இருக்கிறானாம். கர்த்தரே, மூச்சு வந்தது.

"மூணு மாசமா மீட்டிங் வந்தாலே இதான் கேப்பான்கா. டைப்ரைட்டர் கீபோர்டு எதுல இருக்கு, எதுல இருக்குன்னு. இதுல இருக்கலாம்னு எவனாச்சும் சொன்னா போதும், அன்னிக்கே போயி போட்டுப் பாப்பான். எங்களுக்கே பேஜார் ஆயிடுச்சு."

ஜெராக்ஸ் பக்கத்தை எடுத்து மடித்தேன். ஜலால் விடவில்லை.

"எங்கனா இருக்கலாம்கா, எங்க கைக்குக் கெடைக்கல. ஆனா கீபோர்டுன்றது சும்மா ஒரு ஃபைல்தான். எந்தக் கீக்கு எந்த எழுத்துன்னு எழுதிட்டா எந்த லினக்ஸ்லயும் போட்டுக்கலாம். எழுதறதுக்கு அது தெரிஞ்ச ஆளு எங்ககிட்ட இல்ல."

தெரிந்த ஆள்! வேலை நேரத்தில் வினாடி வினா நடத்துகிறாயா என்று விரட்டியது யார்?

பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்து ஆத்திரம் வந்தது. ஜூன், ஜூலையில் மாற்றியதெல்லாம் அவன் சொந்த அரிப்பு. அதை மன்னிப்பதாக இல்லை. ஆனால் ஆகஸ்டுக்கு அப்புறம் - வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்னடா? நானும்தான் காது குடுத்து கேட்டேனா?

12 நவம்பர், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. கேளம்பாக்கம் போனேன்.

டீக்கடை மேல் ரூம். சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு அப்படியே நின்றான். இளைத்திருந்தான். நான் பாயில் உட்கார்ந்து, "எழுது" என்றேன்.

"என்னக்கா?"

"ய எங்க இருக்குன்னு கேட்டியே. எனக்குத் தெரியாது. நீ வார்த்தை சொல்லு, விரல் போற எடத்தைப் பாத்து எழுதிக்கோ."

ஜலால் ஒரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். எதிலும் செருகாத கீபோர்டு. கண்ணை மூடிக்கொண்டேன். குணா "யானை" என்றான். இடது சுண்டு விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. பிறகு பள்ளம், கடல், நுங்கு, ஞாயிறு... ஒவ்வொன்றுக்கும் விரலையே பார்த்துக் குறித்துக்கொண்டான். சாயங்காலம் வரைக்கும். மன்னித்துக்கொள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் பையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

15 நவம்பர்

கொம்பு சண்டை போடுகிறது. டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடிப்போம், எழுத்தை அப்புறம். கம்ப்யூட்டருக்கு எழுத்து முதலில் வேண்டுமாம், கொம்பு பின்னால்தானாம். "பெண்" அடித்தால் கொம்பு தனியாக நின்று அழுகிறது. எழுத்துக்கு எழுத்து தனித்தனியாக வரி எழுதிச் சமாளிக்கலாம் என்கிறான் குணா. முந்நூறு வரிக்கு மேல் போகும். எழுதுடா என்றேன். திட்டிக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

19 நவம்பர்

வந்துவிட்டது. அந்த ஜெராக்ஸ் பக்கம், கீயைப் பார்க்காமல், ஒன்பது நிமிடம். கொம்பு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. அழுதுவிட்டேன். குணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

20 நவம்பர்

சேலையூரில் மேடம் வீட்டுக்குப் போனேன். பாதிக்கு மேல் அந்த சென்டரில் அடித்தாகிவிட்டது. கடைசி இயலும் துணைநூல் பட்டியலும் மட்டும் பாக்கி, எழுபது பக்கம். யோசித்தார். "வெள்ளிக்கிழமை வேணும். முடியுமா?" என்றார். இந்தத் தடவை வாயை விடவில்லை. "கொடுங்க" என்றேன்.

23 நவம்பர், வியாழன்

முடிந்தது. ஒரு நாள் முன்னாலேயே.

15 டிசம்பர்

மேடம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். நன்றியுரையில் அந்த சென்டரின் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. எனக்குப் பார்க்காமலே தெரியும். கடைசி நேரத்தில் என்னிடம் வந்த அந்தப் பக்கத்தை அடித்ததே நான்தான்.

12 பிப்ரவரி 2007, திங்கள்

குணா கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. காலை ஏழு மணி பஸ். ஜலால் அந்த ஃபைலை பம்மலில் அவன் தங்கை ஃபஹீமாவுக்குக் கொடுத்தானாம். அவளும் ஹையர் படித்த பெண், அவள் மிஷினில் இருப்பது நீலம். கொம்பு சரியாக உட்காருகிறது என்று போன் பண்ணினாள். ஞ மட்டும் மாறி வருகிறதாம். குணாவிடம் சொல்ல வேண்டும்.

இன்று ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், காலையிலிருந்து பதினேழு பக்கம். பதினொரு மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் திரையைப் பார்த்தேன். சாம்பல் போய்ப் பச்சை. பல்லி. நேற்று நான் சர்ச்சுக்குப் போயிருந்தபோது மாற்றியிருக்கிறான். காலையிலிருந்து அதில்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் வரட்டும். திட்டாமல் விடமாட்டேன்.