கூரைக் கல்லும் உன் காரின் றெக்கையும்

யட்டியாந்தோட்டை
28.05.2008

அன்பு மகள் ஜீவராணிக்கு,

இவ்வளவு இரவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சாயந்திரக் காற்றில் போன கரண்ட் இப்போதுதான் வந்தது, மணி பதினொன்றரை. நான் சுகம், அப்பாவும் கட்டாரில் சுகம் என்று வெள்ளிக்கிழமை பேசினார், நீ படிக்கப் போன நாட்டுக் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் இருந்தால் போதும், அதுதான் என் வேண்டுதல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யுனிவர்சிட்டியில் எல்லாரும் சேர்ந்து செய்த ரேஸ் காருக்கு முன்னாலும் பின்னாலும் றெக்கை வரைந்தவள் நீ, இரண்டு வருஷ வேலை. இப்போது டீம் தலைவன், நம்ம வேகத்துக்கு அது வெறும் சுமை, கழட்டிவிடலாம் என்கிறானாம். கழட்டினால் ஜூலைப் போட்டிக்கு நிற்காமல் பரீட்சை முடிந்ததும் வந்துவிடுவேன் என்றாய். நான் கொஞ்சமும் யோசிக்காமல் வந்துடும்மா என்றேன், அதோடு உன் போன் கார்டும் முடிந்துபோனது.

நீ அனுப்பிய படத்தைப் பஸாரில் ஸப்வான் கடையில் பிரிண்ட் எடுத்தேன். அவன் பார்த்துவிட்டு, டீச்சர், காருக்கு றெக்கை வச்சா பறந்துடாதா, உங்க மகள் நேரா கட்டுநாயக்கா ஏர்போர்ட்டிலேயே வந்து இறங்கிடுவா என்று சிரித்தான். இது பிளேன் றெக்கையைக் கவிழ்த்து வைத்த மாதிரிடா, காற்று தூக்காது, தரையோடு அமுக்கும், வளைவில் டயர் வழுக்காது என்று கடையிலேயே பாடம் நடத்திவிட்டேன்.

திங்கள் இரவுக் காற்றில் மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற கந்தையா அண்ணனின் கூரைத் தகரம் ஒன்று பறந்துவிட்டது. நேற்று அதை மறுபடி போட்டு, எல்லாரும் வைப்பது போலக் கல் வைத்தார், பயத்தில் நாலு வைக்கிற இடத்தில் பதினாறு. இன்று மத்தியானம் ஒரு இலை அசையவில்லை, கல்லின் கனம் தாங்காமல் உளுத்த கூரை மரம் முறிந்து கூரை அப்படியே காம்பரா அறைக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உன் ஞாபகம். கல் காற்று இல்லாத நேரமும் அமுக்குகிறது, உன் றெக்கை காற்று வரும்போதுதான் அமுக்குகிறது. ஆனால் றெக்கைக்கும் சொந்தக் கனம் ஒன்று உண்டே, மெதுவாகப் போகும்போது அது சுமைதான், காற்றைத் தடுத்து வேகத்தையும் கொஞ்சம் தின்னும், அந்தப் பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வாயால் சண்டை வேண்டாம். ஒரே நாள், ஒரே டயர், ஓட்டுவதும் ஒரே ஆள், றெக்கையோடு பத்து ரவுண்ட், கழட்டிப் பத்து ரவுண்ட் ஓட்டி நேரத்தைப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, ஏழாம் வகுப்பில் நான் சொல்லித் தந்ததுதான். தோற்றால் உன் கையாலேயே கழட்டிக் கொடு, ஆனால் போட்டிக்கு நில். ஓட்டுகிற ஆள் நீ இல்லைதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், போனில் வாய் வராது. நீ வருகிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷம் வந்தது, நீ அழுதுகொண்டிருக்கும்போதே. மறுநாளே உன் அறையைக் கூட்டித் தலையணை உறை மாற்றினேன், ராத்திரி இரண்டு பேருக்கு அரிசி போட்டேன். வந்துடு என்று நான் சொன்னதும் ஒரு கல்தான் மகளே, அதை எடுத்துவிட்டேன். தலையணை அங்கேயே இருக்கட்டும், போட்டி முடிந்து வா.

முருகன் உன் கூடவே இருப்பார். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. றெக்கையைப் பற்றி உங்கள் டீம் முடிவெடுக்கும் ஜூன் பதினைந்தாம் தேதிக் கூட்டத்துக்கு முன் இது உன் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா